அப்பா கட்டின வீட்டை விக்கறதுக்கு முன்னாடி ஒழிக்கறது எப்படி: முதல் தடவை செய்யறவங்களுக்கு

திருச்சி உறையூர்ல அப்பா கட்டின வீட்டை போன வருஷம் வித்தோம். அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மா சென்னைக்கு என்கூட வந்துட்டாங்க, அக்கா கோயமுத்தூர், தம்பி வெளிநாட்டுல, வீடு சும்மா பூட்டிக் கெடந்துச்சு. ரெண்டு பெட்ரூம்தான், ஆனா பரண் முழுக்க, பீரோ முழுக்க, மாடிப்படிக்கு கீழ இருக்கற இடுக்கு முழுக்க சாமான். எங்க ஆரம்பிக்கறதுன்னு சொந்தக்காரங்க நிறைய பேர் இப்ப என்கிட்ட கேக்கறதால வரிசையா எழுதிடறேன். பெருக்கறது, ஒட்டடை அடிக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுக்குள்ள போகல.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. போகிக்கு வீடு ஒழிக்கறது வேற, விக்கறதுக்கு ஒழிக்கறது வேற. போகிக்கு, இது இனிமே வேணுமா வேண்டாமாங்கறது மட்டும்தான் கேள்வி. இங்க, இந்த வீட்டை விக்கறதுக்கே இது தேவைப்படுமாங்கறது முதல் கேள்வி. அதனால காகிதத்தை மொதல்ல பாருங்க, காயலாங்கடைக்காரரை கடைசியா கூப்பிடுங்க. நிறைய வீட்டுல இதை அப்படியே தலைகீழா பண்றாங்க, முதல் நாளே பழைய பேப்பர் கடைக்காரர் வந்து நிக்கறார், அதுலதான் பத்திரம் போகுது.

ஸ்டெப் 1: கையில இருக்க வேண்டியது

அட்டைப்பெட்டி வாங்காதீங்க. சிமெண்ட் சாக்கு, அரிசி சாக்குதான் பெஸ்ட், கிழியாது, தூக்க ஈஸி, காலியானா மடிச்சு வச்சுக்கலாம். தடியான மார்க்கர் பேனா, சணல், மாஸ்க், தோட்ட வேலைக்குப் போடற கிளவுஸ். பரணுக்கு தலையில மாட்டற எல்இடி லைட் ஒண்ணு, ஏன்னா ஒரு கையில டார்ச் வச்சுக்கிட்டு ஏணியில நின்னு சாமான் எறக்கறது ஆபத்து. அப்புறம் கொக்கி மாட்டி எடை பாக்கற டிஜிட்டல் தராசு, ஏர்போர்ட் பெட்டிக்கு யூஸ் பண்ணுவாங்களே அது. சின்ன விலைதான், பித்தளை போடும்போது அதோட அருமை தெரியும்.

ஸ்டெப் 2: காகிதம்

எனக்கு ரொம்ப நாள் இழுத்தது இந்த ஸ்டெப்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

வீட்டுல இருக்கற எல்லா காகிதத்தையும் ஒரே ரூமுக்கு கொண்டு வாங்க. பீரோ லாக்கர் மட்டும் இல்ல. சாமி ரூம் மேல் தட்டு, பழைய ட்ரங்க் பெட்டி, புடவை அடுக்குக்கு அடியில விரிச்ச பேப்பர், பஞ்சாங்கத்துக்கு நடுவுல, டிவி வாரண்டி கார்டு கவருக்குள்ள, எல்லாம். அந்தக் காலத்து ஆளுங்க முக்கியமான காகிதத்தை பீரோவுல வைக்கறதைவிட திருடனுக்கு தோணாத இடத்துலதான் வச்சிருப்பாங்க. இது முடியற வரைக்கும் ஒரு துண்டு காகிதம்கூட வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது.

தேட வேண்டியது: கிரயப் பத்திரம், அதுக்கு முன்னாடி இருக்கற மூலப்பத்திரம் எல்லாம், பட்டா, வீடு கட்ட அனுமதி வாங்கின பிளான், வீட்டு வரி தண்ணி வரி ரசீது, ஈபி கார்டு. வீடு யார் பேர்ல இருந்துச்சோ அவங்க தவறிட்டா இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ். ஒரிஜினல் பத்திரம் கெடைக்கலன்னா போலீஸ்ல புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியலன்னு சான்றிதழ் வாங்கி, பேப்பர்ல விளம்பரம் கொடுத்து, அப்புறம் நகல் எடுத்துன்னு பெரிய அலைச்சல். வீடு வாங்க வந்த பார்ட்டியும் அதுக்குள்ள விலையைக் குறைப்பாங்க. அதுக்குத்தான் இவ்ளோ சொல்றேன்.

இதையெல்லாம் எடுத்து வச்சாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைக்கும்போதுதான் இன்னொண்ணு வரும். பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க (சொத்து மேல பதிவான கிரயம், அடமானம் எல்லாம் அதுல வரும்), வீட்டை ஒழிக்கற வேலை நடக்கும்போதே பாருங்க, ஒழிச்சு முடிச்சப்புறம் இல்ல. எங்க வில்லங்கத்துல, அப்பா வீடு கட்டும்போது வாங்கின கடனோட அடமானம் அப்படியே நின்னுச்சு. கடன் எப்பவோ அடைச்சாச்சு, எல்லாருக்கும் தெரியும், அம்மா கடைசி தவணை கட்டின அன்னைக்கு பாயசம் வச்சதைக்கூட சொல்றாங்க. ஆனா கடன் தீர்ந்ததுக்கு ரசீது பத்திரம்னு ஒண்ணு பதியணும், அது பதியற வரைக்கும் வில்லங்கத்துல அடமானம் போகாது. அதுக்கு கடன் குடுத்த எடத்துக்குப் போய் நின்னா, முப்பது வருஷத்துக்கு முந்தின கணக்கு, தீர்ந்ததுக்கு ஏதாவது காட்டுங்கன்னு கேக்கறாங்க, அவங்க பக்கமும் நியாயம்தானே. அப்பதான், கடன் தீர்ந்துடுச்சுன்னு அவங்க அந்தக் காலத்துல குடுத்த ஒரு கடிதத்தோட மதிப்பு தெரிஞ்சுது. ஏர்மெயில் பேப்பர் அளவு மெல்லிசா, ஓரத்துல துரு பிடிச்ச குண்டூசி குத்தின ஒரு பழுப்புத் தாள், டைப் அடிச்ச ரெண்டு வரி, ஊதா ரப்பர் ஸ்டாம்ப். பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகத்துக்குள்ள சொருகி இருந்துச்சு. அந்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம் யாரு கண்ணுக்கும் குப்பைதான். அதனாலதான் சொல்றேன், ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழா புடிச்சு உதறுங்க. ஒண்ணு விடாம.

உதறும்போது பணம் சம்பந்தப்பட்டதும் விழும், அதுக்கு தனி சாக்கு. பழைய பாஸ்புக், எஃப்டி ரசீது, போஸ்ட் ஆபீஸ் பத்திரம், எல்ஐசி பாண்டு, ஷேர் சர்டிபிகேட். பேங்க்ல 10 வருஷம் தொடாம கெடந்த டெபாசிட் ரிசர்வ் பேங்க் நிதிக்கு மாறியிருக்கும், ஆனா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, வாரிசு அதே பேங்க்ல கேட்டு வாங்கலாம். ரிசர்வ் பேங்க் 2023ல உத்கம்னு ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாங்க, பேர் போட்டா எந்த பேங்க்ல கெடக்குதுன்னு காட்டும். ஷேர்னா, தொடர்ந்து 7 வருஷம் டிவிடெண்ட் வாங்காம இருந்தா ஐஇபிஎஃப்ங்கற மத்திய அரசு நிதிக்குப் போயிடும், அதையும் திரும்ப வாங்கலாம், கொஞ்சம் நாளாகும் அவ்வளவுதான்.

நோட்டு கெடைச்சா: 2016 நவம்பர்ல செல்லாமப் போன பழைய 500, 1000 நோட்டை இப்ப எங்கயும் மாத்த முடியாது, அதுலயும் 10 நோட்டுக்கு மேல கையில வச்சிருக்கறதே 2017 சட்டப்படி தப்பு. மாத்தித் தரேன்னு வர்ற ஆளுங்களை கிட்டயே சேக்காதீங்க. 2,000 ரூபாய் நோட்டு அப்படி இல்ல, அதை ரிசர்வ் பேங்க் ஆபீஸ்ல குடுத்து அக்கவுண்ட்ல போட்டுக்கலாம், சென்னையில இருக்கு, போஸ்ட்ல அனுப்பவும் வழி வச்சிருக்காங்க.

ஸ்டெப் 3: பங்கு

பாத்திரத்தைத் தொடறதுக்கு முன்னாடி கூடப் பொறந்தவங்க எல்லாரும் வரணும், வர முடியலன்னா வீடியோ கால்லயாவது இருக்கணும். இதுல என்கிட்ட ரெண்டாவது பேச்சே கிடையாது. விலை உயர்ந்த சாமானுக்கு சண்டை வராது, தோசைக்கல்லுக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும்தான் வரும்.

நாங்க ஹால்ல எல்லாத்தையும் பரப்பி வச்சு அம்மாவை நடுவுல சேர் போட்டு உக்கார வச்சோம். முதல்ல அவங்க வேணுங்கறதை எடுக்கட்டும். அப்புறம் பேர் வெட்டின பாத்திரம். நம்ம வீட்டுப் பாத்திரத்துல பேர் வெட்டியிருக்கறது இதுக்கு ரொம்ப உதவும். ஒரு பித்தளைத் தவலையோட கழுத்துல புளி போட்டு தேச்சதும், புள்ளி புள்ளியா பாட்டியோட இனிஷியல், ஊர் பேர், அம்மா கல்யாணத் தேதி எல்லாம் தெரிஞ்சுது. யார் சீர், யார் வாங்கினது, யாருக்கு எழுதினதுன்னு பாத்திரமே சொல்லிடும். மிச்சத்துக்கு மூத்தவங்கள்ல ஆரம்பிச்சு ஆளுக்கு ஒண்ணா முறை வச்சு எடுத்துக்கோங்க. சாக்கு மேல மார்க்கர்ல பேர் எழுதி அன்னைக்கே கட்டிடுங்க.

முடிவு பண்ண முடியாத சாமானுக்கு ஒரே ஒரு சாக்கு, "அப்புறம்"னு எழுதி வைங்க. ரெண்டாவது சாக்கு கேட்டா குடுக்காதீங்க.

ஸ்டெப் 4: விக்கறது, குடுக்கறது

இப்பதான் காயலாங்கடை. அதுக்கு முன்னாடி பித்தளை, செம்பு, எவர்சில்வர், அலுமினியம், இரும்பு தனித்தனியா பிரிச்சு நீங்களே எடை போட்டு எழுதி வைங்க. கலந்து போட்டா இருக்கறதுலயே மட்டமான விலைதான் கெடைக்கும். ரெண்டு கடையிலயாவது விலை கேளுங்க.

ஈயச்சொம்பு மட்டும் ஜாக்கிரதை. ரசம் வைக்கற அந்தச் சொம்பு வெள்ளீயம், அந்த உலோகம் செம்பைவிட விலை அதிகம், அலுமினியம் கணக்குல எடை போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க. என்னைக் கேட்டா விக்கவே விக்காதீங்க, வீட்டுல வச்சு ரசம் வைங்க. வெறும் சொம்பை அடுப்புல வச்சிடாதீங்க, 232 டிகிரியிலயே உருகிடும், தண்ணி ஊத்தினப்புறம்தான் அடுப்பு பத்த வைக்கணும். ஆனா ஒரு வெள்ளைத் தாள்ல ஓரத்தை தேச்சுப் பாருங்க, கருப்பா கோடு விழுந்தா காரீயம் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, அதுல சமைக்கக் கூடாது.

பழைய பட்டுப்புடவை வாங்க வாசல்ல வர்றவங்க சொல்ற விலைக்கு உடனே குடுக்காதீங்க. ஜரிகையை லேசா சொரண்டுங்க, உள்ள சிவப்பு பட்டு நூல் தெரிஞ்சா அசல் ஜரிகையா இருக்கலாம், அதுல வெள்ளி இருக்கும். கடையில காட்டி விலை கேட்டுட்டு குடுங்க.

தேக்கு சாமான், ஊஞ்சல் பலகை, பழைய கதவு எல்லாம் இருந்தா படம் எடுத்து காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல இருக்கற பழம்பொருள் கடைகள்ல விசாரிக்கலாம். பிளைவுட் கட்டில் யாரும் வாங்க மாட்டாங்க, யாருக்காவது சும்மா குடுத்துடுங்க. இலவம்பஞ்சு மெத்தையை தூக்கிப் போடாதீங்க, பஞ்சை அடிச்சு புது உறை போட்டா தலகாணியா ஆகும். பழைய தமிழ் பத்திரிகை, அந்தக் காலத்து நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் இருந்தா எடைக்குப் போடறதுக்கு முன்னாடி சென்னை தரமணியில இருக்கற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல கேட்டுப் பாருங்க. கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேத்து வச்ச புத்தகத்துல இருந்து 1994ல வந்த நூலகம் அது.

இன்வெர்ட்டர் பேட்டரியை பேட்டரி கடையிலயே குடுங்க, பழசுக்கு காசு உண்டு. காலாவதியான மாத்திரையை சாக்கடையில கொட்டாதீங்க.

ஸ்டெப் 5: சாமி ரூம்

கண்ணாடி உடைஞ்ச சாமி படத்தை அரச மரத்தடியில கொண்டு போய் வைக்கறது எனக்கு மனசு ஒப்பல, வெயில்லயும் மழையிலயும் கெடந்து மிதிபடும். ஃபிரேமைக் கழட்டி, கண்ணாடி தனியா, மரம் தனியா எடுத்துட்டு, படத்தை ஒரு வாளி தண்ணியில ஊற வச்சு கரைச்சு செடிக்கு அடியில ஊத்தினோம். பிளாஸ்டிக் ஒட்டின படம் கரையாது, அதை நல்லதா இருந்தா யாருக்காவது குடுங்க. அம்மா கையாலயே செய்யச் சொல்லுங்க, அவங்களுக்கு அது முக்கியம்.

ஸ்டெப் 6: காலி வீட்டை கழுவறது

மொசைக் தரையில ஆசிட் ஊத்தாதீங்க. மொசைக்ல இருக்கற சலவைக்கல் சில்லை ஆசிட் அரிச்சிடும், பளபளப்பு போய் சொரசொரன்னு ஆயிடும், அப்புறம் மெஷின் வச்சு பாலீஷ் போட்டாத்தான் சரியாகும். சோப்புத் தண்ணி, தேங்காய் நார், பொறுமை, அவ்வளவுதான். பாத்ரூம் டைல்ஸ்ல உப்புக்கறைக்கு ஆசிட் போட்டா, அது மேல பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து.

ஓதம் அடிச்ச சுவத்துல நேரா பெயிண்ட் அடிக்காதீங்க. வர்றவங்க கையை வச்சுப் பாப்பாங்க, ரெண்டு மாசத்துல உப்பு பூத்து உரியும். எங்க இருந்து தண்ணி எறங்குதுன்னு பாத்து அடைச்சுட்டு, காய விட்டு, அப்புறம் ஒரு வெள்ளை அடிச்சா போதும். வீடு பூரா கலர் பெயிண்ட் அடிக்கறது வீண் செலவு, வாங்கறவங்க அவங்க இஷ்டத்துக்கு மாத்திக்குவாங்க. அந்தக் காசுல தண்ணித் தொட்டியைக் கழுவுங்க, ஒழுகற குழாயை மாத்துங்க, எல்லா ரூமுலயும் பல்பு எரியட்டும். வீடு பாக்க வர்றவங்க முதல்ல தொறக்கறது குழாயைத்தான். பாச்சா உருண்டை வாசனை போக பீரோ, பரண் கதவு எல்லாம் நாலு நாள் தொறந்து கெடக்கணும்.

அப்டேட்: ஃபேன், கீஸர், மோட்டார் எல்லாம் கழட்டிக்கலாமான்னு ரெண்டு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. கழட்டிக்கலாம், ஆனா வீடு காட்டறதுக்கு முன்னாடியே கழட்டுங்க. பார்ட்டி பாத்துட்டு விலை பேசினப்புறம் ஃபேனைக் கழட்டினா மனஸ்தாபம்தான். எது வீட்டோட போகுதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. போர் மோட்டாரை மட்டும் தொடாதீங்க, அதுல தண்ணி வந்தாத்தான் வீடு போகும்.

இன்னொரு அப்டேட்: கேஸ் கனெக்‌ஷன் பத்தி நான் எழுத விட்டதை ஒரு அக்கா ஞாபகப்படுத்தினாங்க. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் வீட்டோட விட்டுட்டு வராதீங்க. கனெக்‌ஷன் வாங்கும்போது குடுத்த எஸ்வி ரசீதை ஸ்டெப் 2 குவியல்லயே தேடி எடுத்து வச்சுக்கிட்டு ஏஜென்சியில சரண்டர் பண்ணா டெபாசிட் திரும்ப வரும். பழைய கனெக்‌ஷன்னா அதுல எழுதியிருக்கற அந்தக் காலத்து தொகைதான் வரும், ஆனாலும் பண்ணிடுங்க, இல்லன்னா அந்த விலாசத்துல உங்க பேர்லயே கனெக்‌ஷன் ஓடிக்கிட்டு இருக்கும்.