மனசு சோர்ந்து கிடக்கும்போது வயிற்றை எப்படிக் கவனிப்பது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சித்தி அப்படி அவராகவே நிறுத்தி, மூன்று வாரம் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தார். சாப்பாடு மருந்தோடு சேர்ந்து வேலை செய்கிற விஷயம்.

செரட்டோனின் என்பது மனநிலையோடு தொடர்புள்ள ஒரு ரசாயனம். உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது. இதைக் கேட்டவுடன் தயிர் சாப்பிட்டால் சந்தோஷம் வந்துவிடும் என்று முடிவு கட்டாதீர்கள், குடலில் உண்டாகும் செரட்டோனின் நேராக மூளைக்குள் போகாது. குடலும் மூளையும் பேசிக்கொள்வது மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகவும், நார்ச்சத்தைத் தின்று பாக்டீரியா உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற பொருட்கள் வழியாகவும், உடம்பின் அழற்சி கூடிக் குறைவதாலும்தான். 2019-ல் பெல்ஜியத்தில் 1,054 பேரை ஆராய்ந்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு வகை பாக்டீரியா குறைந்திருந்தது. எது முதலில் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மனசு சரியில்லாதவர் சமைக்கமாட்டார், டீயும் பன்னுமாக நாளை ஓட்டுவார், அதுவும் குடலைக் கெடுக்கும்.

சரி, என்ன செய்வது? நம் வேலூர்ப் பக்கத்துக் கூழே போதும், ஆடி மாசம் வரக் காத்திருக்க வேண்டாம். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ராத்திரி மூடி வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் விடிவதற்குள் நுரை கட்டிப் புளித்த வாசனை வந்துவிடும், மார்கழியில் இன்னும் அரை நாள் விடவேண்டும். காலையில் ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவைத்து, மாவை ஊற்றி, கை விடாமல் கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: கொதித்ததில் முதல் நாள் புளிப்பிலிருந்த பாக்டீரியா செத்திருக்கும், அதனால் சுடச்சுடக் குடித்தால் உயிருள்ள பாக்டீரியா கிடைக்காது. நன்றாக ஆறவிட்டு, வீட்டுத் தயிரைக் கடைந்த மோரை ஊற்றி, உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டுக் குடியுங்கள். வெங்காயத்தை விட்டுவிடாதீர்கள், அதிலுள்ள நார்ச்சத்து குடல் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. சர்க்கரை இருப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தினம் ஒரு கீரை, வாரத்தில் நாலு நாள் காராமணியோ கொள்ளோ பச்சைப்பயறோ. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு என்றால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். வயிறு உப்பி, காற்று பிரிந்து, இதெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். சளிக்கெல்லாம் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கி விழுங்குவதையும் நிறுத்துங்கள், அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

2017-ல் ஆஸ்திரேலியாவில் 67 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், காய், பயறு, மீன் என்று 12 வாரம் உணவை மாற்றியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நன்றாகவே விலகியது. பெரும்பாலானோர் சிகிச்சையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனவே ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு: படுத்துக் கிடப்பவரிடம் 'நல்லா சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லாதீர்கள். கூழை நீங்களே கரைத்து, சொம்பில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.