பிரிட்ஜ் கிளப்புக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: இருபத்தெட்டிலிருந்து டூப்ளிகேட்டுக்கு

இருபத்தெட்டு, ஐம்பத்தாறு என்ற துருப்புச் சீட்டாட்டங்களை ஆடிப் பழகி, இப்போது பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. துருப்பு என்றால் என்ன, எதிரில் இருப்பவர் ஏன் நம் ஆள், இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும் என்பதையெல்லாம் விளக்கப் போவதில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு, ஒரு கிளப்பில் போய் உட்கார்ந்து, மூன்று நான்கு மாதத்தில் ஓரளவு மரியாதையான ஆட்டம் ஆட என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான்.

படி 1: போவதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை

சீட்டறை உள்ள கிளப் எல்லாம் பிரிட்ஜ் கிளப் ஆகாது. பல இடங்களில் ரம்மிதான் ஓடும். பிரிட்ஜ் உண்டு என்றால் அடுத்து கேளுங்கள்: ரப்பரா, டூப்ளிகேட்டா? ரப்பரில் வந்த சீட்டை ஆடிவிட்டுக் கலைத்துவிடுவார்கள். டூப்ளிகேட்டில் நான்கு பேர் கையும் கலையாமல் ‘போர்டு’ என்ற சட்டத்தில் செருகப்பட்டு, அடுத்தடுத்த மேசைக்குப் போகும். நீங்கள் ஆடிய அதே 13 சீட்டை இன்னொருவர் ஆடி என்ன எடுத்தார் என்று பார்க்க முடியும். கற்றுக்கொள்ள வருகிறவர் டூப்ளிகேட்டைத்தான் தேட வேண்டும். ரப்பரில் தோற்றால் சீட்டு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். டூப்ளிகேட்டில் அந்த வழியே கிடையாது.

இன்னும் இரண்டு கேள்வி: உறுப்பினர் அல்லாதவர் விருந்தினராக ஆடலாமா? ஜோடி இல்லாமல் வந்தால் சேர்த்துவிடுவார்களா? கடலூரிலிருந்து வருகிறவர்கள் ஆட்டம் முடியும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 24 போர்டு என்றால் போர்டுக்கு ஏழு, எட்டு நிமிடம் வைத்தாலும் மூன்று மணி நேரம் ஆகும். பாதியில் எழுந்து பஸ் பிடிக்க ஓடினால் ஒரு மேசை மட்டும் இல்லை, சுற்றே கெடும்.

வீட்டில் ‘சீட்டாட்டமா?’ என்று முகம் சுளித்தால் ஒரு தகவல் கையில் இருக்கட்டும். ஜகார்த்தாவில் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது பிரிட்ஜில்தான். பர்தனுக்கு அப்போது வயது 60.

படி 2: இருபத்தெட்டுப் பழக்கத்தில் எதை விட வேண்டும்

ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து என்ற வரிசையை மறந்துவிடுங்கள். இங்கே ஏஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து என்று நேராக இறங்கும். ஒன்பதைக் கண்டதும் கை துடிப்பது இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

அடங்காதது திசை. இருபத்தெட்டில் சீட்டு வலப்பக்கமாகச் சுற்றும். பிரிட்ஜில் கடிகார முள் போல இடப்பக்கம் சுற்றும். பழைய ஆட்டக்காரர்கள் முதல் சில வாரம் முறை தவறி இறக்குவதற்கு இதுதான் காரணம், கவனக்குறைவு இல்லை. முறை தவறி ஒரு சீட்டு வெளியே வந்துவிட்டால் எதிராளிக்குப் பல உரிமைகள் கிடைத்துவிடும். ஆகவே ஆட்டத்தைத் தொடங்கும் முதல் சீட்டை எப்போதும் கவிழ்த்தே வையுங்கள். விதியே அப்படித்தான் சொல்கிறது. கூட்டாளி பார்த்து, ‘சரி, உங்கள் முறைதான்’ என்ற பிறகு திருப்புங்கள். கவிழ்ந்திருக்கும் வரை டைரக்டர் (ஆட்டத்தை நடத்தும் நடுவர்) சொன்னால் திரும்ப எடுக்கலாம், நஷ்டம் இல்லை.

இன்னொன்று, முகம். நல்ல சீட்டு வந்ததும் நிமிர்ந்து உட்காருவது, கூட்டாளி தப்பாக ஆடினால் உச்சுக்கொட்டுவது எல்லாம் வீட்டுத் திண்ணையோடு சரி. கூட்டாளியின் தயக்கத்தைப் பார்த்து ஏலம் கேட்பதுகூட இங்கே குற்றம்.

படி 3: ஏலத்துக்கு இவ்வளவு போதும்

ஏஸ் 4 புள்ளி, ராஜா 3, ராணி 2, ஜாக் 1. மொத்தக் கட்டில் 40. கையில் 12 இருந்தால் தொடங்கலாம். ஸ்பேட் அல்லது ஆட்டினில் தொடங்க 5 சீட்டு வேண்டும். எல்லா இனமும் சமமாகப் பரவி 15 முதல் 17 வரை இருந்தால் 1 நோட்ரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்). இருவர் கையும் சேர்ந்து 25 தேறினால் ‘கேம்’ (போனஸ் கிடைக்கும் அளவு ஏலம்) வரை போகலாம்: 3 நோட்ரம்ப், 4 ஆட்டின், 4 ஸ்பேட். டைமன், கிளாவரில் கேம் வேண்டுமென்றால் 11 ட்ரிக் (ஒரு சுற்றுச் சீட்டை ஜெயிப்பது ஒரு ட்ரிக்; ஏல எண்ணோடு 6 கூட்டிக்கொள்ளுங்கள்) எடுக்க வேண்டும், அதனால் அவற்றை விட்டு நோட்ரம்ப் பக்கம் சாய்வதே நல்லது.

கன்வென்ஷன்களில், அதாவது தனி அர்த்தம் வைத்துக் கேட்கும் ஏலங்களில், முதல் மாதம் ஸ்டேமன் (நோட்ரம்ப் சொன்ன கூட்டாளியிடம் 4 சீட்டு ஆட்டினோ ஸ்பேடோ உண்டா என்று கேட்பது) ஒன்று போதும். இரண்டாம் மாதம் டிரான்ஸ்பர் (நம் நீளமான இனத்தைக் கூட்டாளி வாயால் சொல்ல வைப்பது). பிளாக்வுட் (ஏஸ் எத்தனை என்று கேட்பது) அப்புறம் பார்க்கலாம், ஸ்லாம் (12 அல்லது 13 ட்ரிக் ஏலம்) வருவது அபூர்வம். இணையத்தில் கண்ட கன்வென்ஷனை எல்லாம் அச்செடுத்து வருகிறவர்கள் ஏலத்தில் ஜெயித்து ஆட்டத்தில் தோற்பார்கள். சில ஜோடிகள் பிரிசிஷன் என்ற வேறு ஏல முறை ஆடக்கூடும். அவர்கள் 1 கிளாவர் என்றால் 16 புள்ளியோ அதற்கு மேலோ, கிளாவர் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் முறை வரும்போது ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏலம் கேட்டவரிடம் கேட்காதீர்கள், அவருடைய கூட்டாளியிடம் கேளுங்கள்.

படி 4: மேசையில் கை எப்படி இயங்க வேண்டும்

நான்கு இருக்கைக்கும் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்றே பெயர். போர்டிலிருந்து உங்கள் திசைச் சீட்டை எடுத்ததும், முகம் பார்க்காமல் 13 எண்ணுங்கள். நம் கடற்கரைக் காற்றில் அட்டைச் சீட்டு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், 12தான் இருக்கிறது என்று தோன்றும். தேய்த்துப் பிரித்து எண்ணுங்கள். பார்த்துவிட்ட பிறகு குறை கண்டுபிடித்தால் சிக்கல் பெரிதாகும். (சொந்தக் கட்டு வாங்கினால் முழு பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், 57 மில்லிமீட்டர் அகலம். 63 மில்லிமீட்டர் போக்கர் சீட்டை 13 விரித்துப் பிடிப்பது கைக்கு வேதனை.)

ஏலம் வாயால் சொல்வதில்லை. பெட்டியில் அட்டை இருக்கும். பாஸ் பச்சை, டபுள் (எதிராளியின் ஏலத்துக்குப் பந்தயத்தைக் கூட்டுவது) சிவப்பு. வேண்டிய அட்டையைப் பிடித்தால் அதற்குக் குறைந்தவை எல்லாம் சேர்ந்தே வரும், அப்படியே மேசையில் வையுங்கள். பெட்டிக்குள் விரலை ஓட்டித் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். எந்தப் பக்கம் தேடுகிறீர்கள் என்பதே ஒரு செய்தி ஆகிவிடும். முடிவு செய்த பிறகு கை பெட்டிக்குப் போகட்டும்.

ஆடும்போது சீட்டை நடுவில் எறியக் கூடாது. உங்கள் முன்னாலேயே வைத்து, சுற்று முடிந்ததும் கவிழ்க்க வேண்டும். உங்கள் பக்கம் ஜெயித்தால் நெட்டையாக, தோற்றால் படுக்கையாக. முடிவை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வரை அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

படி 5: டம்மி விரிந்ததும் நிறுத்துங்கள்

புதியவர்கள் இழக்கும் ஒப்பந்தங்களில் (ஒப்பந்தம் என்பது ஜெயித்த கடைசி ஏலம்) பெரும் பங்கு முதல் ட்ரிக்கிலேயே போய்விடுகிறது. டம்மி (ஏலம் எடுத்தவரின் கூட்டாளி மேசையில் விரித்து வைக்கும் கை) இறங்கிய இரண்டே வினாடியில் ‘சின்னது போடுங்க’ என்று சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு யோசித்துப் பயனில்லை. சீட்டை மடியில் கவிழ்த்துவிட்டு இந்த ஆட்டத்தைப் பாருங்கள்.

நீங்கள் தெற்கு, ஒப்பந்தம் 3 நோட்ரம்ப், அதாவது 9 ட்ரிக்.

டம்மி: ஸ்பேட் 7 4. ஆட்டின் ராஜா 8 5. டைமன் ஏஸ் ராணி ஜாக் 10 3. கிளாவர் 9 6 4.

உங்கள் கை: ஸ்பேட் ஏஸ் 8 3. ஆட்டின் ஏஸ் ராணி 4. டைமன் 9 8 6 2. கிளாவர் ஏஸ் ராஜா 5.

மேற்கு ஸ்பேட் ராஜாவை இறக்குகிறார்.

முதலில் உறுதியானவற்றை எண்ணுங்கள். ஸ்பேட் 1, ஆட்டின் 3, டைமன் 1, கிளாவர் 2. ஆக 7. இன்னும் 2 வேண்டும், அது டைமனில் இருக்கிறது. கையிலிருந்து 9ஐ இறக்கி பினெஸ் போட வேண்டும், அதாவது மேற்கு ராஜாவைப் போடாவிட்டால் டம்மியிலும் பெரிய சீட்டு போடாமல் விட வேண்டும். டைமன் ராஜா மேற்கிடம் இருந்தால் ஐந்து ட்ரிக்கும் நமக்கு. கிழக்கிடம் இருந்தால் ஒன்று போய் நான்கு வரும். எப்படியும் போதும்.

இந்த இடத்தில் ‘அப்பாடா, ஜெயித்தாயிற்று’ என்று ஸ்பேட் ஏஸை அடிக்கத் தோன்றும். அடித்தால் என்ன ஆகும்? டைமன் ராஜா கிழக்கிடம் இருந்தால் அவர் அதை எடுத்து ஸ்பேடைத் திருப்புவார். மேற்கிடம் ஸ்பேட் 5 சீட்டு என்றால் மீதி 4 ஸ்பேடும் அவர்களுக்கு. நான்கும் ஒன்றும் ஐந்து, ஒரு ட்ரிக் குறைந்து ஒப்பந்தம் போச்சு.

இப்போது ஏஸை அடக்கிப் பாருங்கள். முதல் ஸ்பேட் அவர்களுக்கு, இரண்டாவதும் அவர்களுக்கு, மூன்றாவதில் ஏஸ். நம் இருவரிடமும் சேர்த்து ஸ்பேட் 5, எதிரிகளிடம் 8. அது 5-3 ஆகப் பிரிந்திருந்தால் மூன்று சுற்றில் கிழக்கு காலி. அவர் டைமன் ராஜாவை எடுத்தாலும் திருப்பி அனுப்ப ஸ்பேட் இல்லை. இரண்டு ஸ்பேடும் ஒரு டைமனும்தான் நஷ்டம், உங்களுக்கு 10 ட்ரிக். 4-4 ஆகப் பிரிந்திருந்தாலும் பாதகமில்லை, அவர்களுக்கு மூன்று ஸ்பேடும் ஒரு ராஜாவும்தான்.

எத்தனை சுற்று அடக்குவது என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. அந்த இனத்தில் நம் இரு கையிலும் உள்ள சீட்டை 7லிருந்து கழியுங்கள். 7 கழித்தல் 5, இரண்டு. இரண்டு முறை அடக்கு.

8 சீட்டு 4-4 ஆகப் பிரிவதுதான் இயல்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 5-3 வருவது 47 சதவீதம், 4-4 வருவது 33 சதவீதம்தான். எதிரிகளிடம் இரட்டைப்படையில் சீட்டு இருந்தால் சமமாகப் பிரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் (இரண்டே இரண்டு சீட்டு பாக்கி என்றால் மட்டும் விதிவிலக்கு). 4 சீட்டு 3-1 ஆவது 50, 2-2 ஆவது 41. 6 சீட்டு 4-2 ஆவது 48, 3-3 ஆவது 36. ஒற்றைப்படை நேர்மாறு: 5 சீட்டு 68 சதவீதம் 3-2 ஆகவே வரும்.

எல்லா இனத்தையும் ஒரே நேரத்தில் எண்ணப் போகாதீர்கள், தலை சுற்றும். ஆபத்தான இனம் ஒன்றை மட்டும் எடுங்கள். மேலே சொன்ன ஆட்டத்தில் அது ஸ்பேட். 8 என்று மனதில் வைத்து, எதிரிகள் போடப் போடக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு இனம். இந்தப் பயிற்சிக்கு வீட்டு மேசையில் விரித்த நிஜச் சீட்டுதான் சிறந்தது. பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் ரோபோக்களோடு ஆடலாம், நல்ல தளம்தான், ஆனால் அங்கே யாருடைய முறை, எத்தனை ட்ரிக் என்பதை எல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும். நீங்கள் எண்ணவே மாட்டீர்கள்.

படி 6: முடிவுத் தாளை எப்படிப் படிப்பது

ஆரம்பத்தில் உங்கள் ஜோடிக்கு 40 சதவீத மதிப்பெண் (சராசரி 50) வந்தால் மோசமில்லை. மொத்தத்தைப் பார்க்காமல் இரண்டு போர்டை மட்டும் எடுங்கள். மற்ற மேசைகளோடு உங்கள் முடிவு அதிகம் மாறுபட்ட இரண்டு. இந்த வரிசையில் கேளுங்கள்: ஒப்பந்தம் ஒன்றேதானா? ஒன்றேதான் என்றால், முதல் சீட்டு ஒன்றேதானா? அதுவும் என்றால், எந்த ட்ரிக்கில் வழி பிரிந்தது? ஒப்பந்தமே வேறு என்றால் ஏலத்தில் பிரச்சினை, அதைக் கூட்டாளியோடு பேசுங்கள். மேசையில் வேண்டாம், டீக்கடையில். ‘ஏன் அதைப் போட்டீங்க?’ என்று ஆட்டத்துக்கு நடுவில் கேட்கிறவரோடு யாரும் அடுத்த வாரம் உட்கார மாட்டார்கள்.

பின்சேர்க்கை: கிளப் இல்லாமல் எட்டுப் பேர் இருந்தால்

திருப்பாதிரிப்புலியூர், நெய்வேலிப் பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் புதுச்சேரி வர முடியாது என்கிறார்கள். எட்டுப் பேரும் எட்டு சீட்டுக்கட்டும் இருந்தால் வீட்டிலேயே டூப்ளிகேட் நடத்தலாம். போர்டு வாங்க வேண்டாம். மொய்க் கவர் போதும். ஒரு போர்டுக்கு நான்கு கவர், மேலே போர்டு எண்ணும் திசையும் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஒரு ரூபாய் ஒட்டிய கவர் வேண்டாம், அடுக்கினால் சரியும்.

சீட்டைப் பிரித்துப் போடுபவர் போர்டு 1இல் வடக்கு, 2இல் கிழக்கு, 3இல் தெற்கு, 4இல் மேற்கு, 5இல் மறுபடி வடக்கு. வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) 1இல் யாரும் இல்லை, 2இல் வடக்கு-தெற்கு, 3இல் கிழக்கு-மேற்கு, 4இல் எல்லோரும், 5இல் வடக்கு-தெற்கு, 6இல் கிழக்கு-மேற்கு, 7இல் எல்லோரும், 8இல் யாரும் இல்லை.

நான்கு பேர் ஒரு அணி. ஒரு மேசையில் உங்கள் அணி வடக்கு-தெற்கு, அடுத்த அறையில் உங்கள் மற்ற ஜோடி கிழக்கு-மேற்கு. முதல் மேசை 1 முதல் 4, இரண்டாவது மேசை 5 முதல் 8, பிறகு கவர்களை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு அறைக்கும் காது எட்டாமல் இருப்பது முக்கியம். மேலே சொன்ன 3 நோட்ரம்பை வல்னரபிள் இல்லாத நிலையில் ஒரு மேசை 10 ட்ரிக் எடுத்தால் 430. அடுத்த மேசையில் ஏஸை முதலிலேயே அடித்து ஒன்று குறைந்தால் 50 நஷ்டம். வித்தியாசம் 480, அது 10 இம்ப் (அணி ஆட்டத்தில் புள்ளி வித்தியாசத்தை மாற்றிக் கணக்கிடும் அளவு).

புதுச்சேரியில் சிலர் வீட்டில் பிரான்சிலிருந்து வந்த கட்டு இருக்கும். அதில் ஆர் என்றால் ராஜா, டி என்றால் ராணி, வி என்றால் ஜாக், ஏஸ் இருக்கும் இடத்தில் 1 என்று போட்டிருக்கும். பழகியவர்களுக்குப் பரவாயில்லை, புதியவர்கள் இருக்கும் மேசைக்கு அந்தக் கட்டைக் கொடுக்காதீர்கள். ‘வி’யைப் பார்த்துவிட்டுப் புள்ளி எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள்.