"வீட்டுலதானே இருக்க": வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

காலை பத்தரை மணி. குமரி மாவட்டம் தக்கலை பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு கணக்கில் எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நாற்பது நிமிடம் தேடி, இப்போதுதான் நூலின் நுனி கையில் அகப்பட்ட மாதிரி இருக்கிறது. கேட்டில் மீன்காரம்மாவின் குரல். அடுக்களையிலிருந்து அம்மா, "மக்களே, நீ வீட்டுலதானே இருக்க, சாளை நல்லா இருக்கான்னு ஒண்ணு பாரு" என்கிறார். எழுந்து போய், செதிளைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, சட்டியில் வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையின் முன் உட்கார்ந்தால் அந்த நுனியைக் காணோம். மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஐந்து நிமிடத்தின் விலையை வீட்டில் இருப்பவர்களும் கணக்கில் எடுப்பதில்லை, சம்பளம் கொடுப்பவர்களும் எடுப்பதில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்தால் வேலைத்திறன் கூடுமா குறையுமா என்ற பேச்சு 2020 ஊரடங்கிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் குமரி மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. ஆனால் படித்து முடித்ததும் திருவனந்தபுரம், சென்னை, பெங்களூரு என்று வண்டி ஏறுவதுதான் வழக்கம். அந்த வேலையை ஊரில் இருந்தே செய்யலாம் என்பது இங்கே பல வீடுகளுக்கு வரம். அது கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். நானும் என்னைச் சுற்றியிருப்பவர்களும் இத்தனை வருஷத்தில் செய்த தவறுகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று எண்ணுகிறோம், அதில் எத்தனை மணி நேரம் அறுபடாமல் கிடைத்தது என்று எண்ண மறந்துவிடுகிறோம்.

ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

வீடுதான் நல்லது என்பவர்கள் சீனாவின் சிட்ரிப் ஆய்வைக் காட்டுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் பயண நிறுவனத்தின் கால்சென்டர் ஊழியர்கள் சுமார் 250 பேரை இரண்டாகப் பிரித்து, ஒன்பது மாதம் ஒரு பிரிவை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியானது.

அலுவலகம்தான் நல்லது என்பவர்களுக்கு நம் சென்னையில் நடந்த ஆய்வே இருக்கிறது. தரவுப் பதிவு வேலைக்குச் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாகப் பிரித்தார்கள். 2023-இல் வெளிவந்த முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 18 சதவீதம் குறைவு.

எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம், ஆனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சிட்ரிப்பில் அந்த வாய்ப்பைப் பெற, வீட்டில் தனக்கென்று ஒரு அறையும் நல்ல இணைய வசதியும் இருக்க வேண்டும், நிறுவனத்தில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்கும் வந்தார்கள். அந்த 13-இல் 9 சதவீதப் புள்ளி, இடைவேளையும் சுகவீன விடுப்பும் குறைந்து கூடுதல் நேரம் வேலை பார்த்ததால் வந்தது. ஆய்வு முடிந்ததும் விரும்பிய இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பலன் 22 சதவீதமாக ஏறியது. அவரவருக்கு ஒத்துவரும் இடம் எது என்பது சில மாதம் இருந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது.

சென்னை ஆய்வில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த செய்தி வேறு. வீட்டிலிருந்து வேலை வேண்டும் என்று விரும்பியவர்கள் உண்மையில் கூடுதல் திறமைசாலிகள்: தொடக்கத் தேர்விலேயே மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். ஆனால் வீட்டில் உட்காரும்போது அதிகம் சரிந்ததும் அவர்கள்தான். அவர்களுக்கு 27 சதவீதம் சரிவு. அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13 சதவீதம். காரணம் தேடினால் குழந்தை, வீட்டில் கவனிக்க வேண்டிய ஆட்கள், வசதிக் குறைவு என்று போகிறது. அதாவது வீட்டை விட்டு நகர முடியாதவர்தான் வீட்டு வேலையைக் கேட்கிறார், அதே காரணம்தான் வீட்டில் அவரைப் பின்னுக்கு இழுக்கிறது. இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பது

என் அனுபவத்தில் அதிகம் வேலையைக் கெடுப்பது இதுதான், எளிதாகச் சரி செய்யக்கூடியதும் இதுதான்.

நம் ஊர் வீடு யாரும் எப்போதும் வரலாம் என்று கட்டிய வீடு. முன்னறைக்குக் கதவு இருந்தாலும் பகலில் சாத்துவதில்லை. பக்கத்து விளையில் தேங்காய் வெட்டுகிறவர் தண்ணீர் கேட்டு வருவார், கல்யாணம் சொல்ல வருகிறவர்கள் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுத்தான் போவார்கள். அதுதான் நம் பழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மடிக்கணினி முன் இருப்பவர் வேலையில் இருக்கிறாரா, சும்மா எதையாவது பார்க்கிறாரா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. ரப்பர் வெட்டப் போனவரின் தலையில் விளக்கு இருக்கும், கடலுக்குப் போனவரின் வள்ளம் கரையில் இருக்காது. நம்மைக் காட்டிக்கொடுக்க அப்படி ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு, "தொந்தரவு பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொன்னது. அது மனவருத்தத்தைத்தான் கொடுத்தது. பிறகு ஒரு நாள் அம்மாவிடம் நேரத்தைச் சொன்னேன்: "காலையில ஒன்பதரைக்கு நான் ஆபீசுக்குப் போயாச்சுன்னு வச்சுக்கிடுங்க. பன்னிரண்டு மணிக்குத்தான் வருவேன். அதுக்கு அப்புறம் கரண்ட் ஆபீசோ ரேஷன் கடையோ எங்க வேணும்னாலும் போறேன்." அம்மாவுக்கு அது உடனே பிடிபட்டது. இப்போது யாராவது வந்தால், "பிள்ள ஆபீசுக்குப் போயிருக்கு" என்று அவரே சொல்கிறார், நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். மீன் வாங்குவது மறுபடி அம்மா பொறுப்பு. நாள் முழுவதும் தொந்தரவு வேண்டாம் என்று கேட்டபோது ஒன்றும் கிடைக்கவில்லை, இரண்டரை மணி நேரத்தைக் கேட்டபோது முழுசாகக் கிடைத்தது. தனி அறை இல்லாதவர்கள் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மேஜையைப் போட்டால்கூடப் போதும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவரோடு கண் ஓடும்.

பெண்களுக்கு இது இவ்வளவு எளிதில்லை. என் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் கணவன், மனைவி இரண்டு பேருக்குமே வீட்டிலிருந்து வேலை. குழந்தை அழுதால், கேஸ் சிலிண்டர் வந்தால், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் கூப்பிடுவது அவளைத்தான். மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுக் குக்கர் விசிலை எண்ணுகிறாள். விட்டுப்போன வேலையை ராத்திரி பத்து மணிக்கு மேல் முடிக்கிறாள். அவளுடைய வேலைத்திறனைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டில் காலை இரண்டு மணி நேரத்தை அவளுக்காக யார் காவல் காப்பது என்று பேச வேண்டும். கணவரும் அதே வீட்டில்தானே இருக்கிறார், முறை வைத்துக்கொள்ளலாம்.

பச்சைப் புள்ளியைக் காவல் காப்பது

இது நிறுவனத்தின் பக்கம் நடக்கும் தவறு. ஆளைக் கண்ணால் பார்க்க முடியாத மேலாளர், சாட் செயலியில் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்க்கிறார். சந்தேகம் வந்தால் மீட்டிங் போடுகிறார். இந்தியாவில் ஒரு பெரிய ஐடி நிறுவனத்தின் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் கணினிப் பதிவுகளை வைத்து ஊரடங்குக் காலத்தைப் பற்றிச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வீட்டுக்குப் போன பிறகு வேலை நேரம் கூடியது, முடித்த வேலை கூடவில்லை. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கான வேலைத்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை குறைந்திருந்தது. மீட்டிங்குகள் பெருகி, இடையூறில்லாமல் வேலை பார்க்கும் நேரம் சுருங்கியதும் அதே பதிவுகளில் தெரிகிறது.

நான் முன்பு இருந்த குழுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று அழைப்பு வரும். அழைப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் சொல்வதற்கு எதையாவது தயார் செய்வோம், முடிந்த பிறகு விட்ட இடத்தைத் தேடுவோம். கடைசியில் நாங்களே ஒரு யோசனை சொன்னோம்: காலையில் அன்றைக்கு முடிக்கப்போகும் மூன்று வேலையை எழுதிப் போடுகிறோம், மாலை நான்கு மணிக்கு ஒரே ஒரு அழைப்பு. தயங்கித்தான் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் அவர்களே பழைய அழைப்புகளை நிறுத்திவிட்டார்கள், எழுதி வைத்ததைப் பார்த்தாலே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

நம் பக்கத்திலும் இதே தவறு உண்டு. சந்தேகப்படுவார்களோ என்று பயந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த செய்திக்கும் உடனே பதில் போடுகிறோம். 27 நாடுகளில் எடுத்த ஒரு கணக்கில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் பயணத்தில் மிச்சமாகும் நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 72 நிமிடம், இந்தியாவில் 99 நிமிடம். மிச்சமாவதில் சுமார் 40 சதவீதத்தை மக்கள் வேலைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். கொடுத்தது போதும், மீதி உடம்புக்கும் வீட்டுக்கும் இருக்கட்டும்.

கரண்டும் நெட்டும் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும், அதே காற்று தென்னை மட்டையைக் கொண்டுவந்து மின்கம்பியிலும் போடும். ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நானும் தைரியமாக இருந்தேன். ஒரு மழை நாளில் முக்கியமான அழைப்பின் நடுவில் கரண்ட் போனது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, நெட் மட்டும் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்னார், மோடம் செருகியிருந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கே மெயினை அணைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. மோடத்துக்கென்றே சின்னப் பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது, அது ஒன்று இருந்தால் சில மணி நேரம் தாங்கும். போன் ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு நிறுவனத்தின் சிம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தால் ஒன்றாகவே படுத்துவிடும். அப்புறம், நெட் போனால் என்ன செய்வேன் என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது முக்கியம். போன பிறகு சொன்னால் அது சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்கும்.

புதுப் பிள்ளைகளைத் தனியே விடுவது

நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் பொறியியல் முடித்து, முதல் வேலையையே வீட்டு அறைக்குள் தொடங்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சென்னை ஆய்வில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இருந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் நாளில் வந்ததில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் போகப்போக விரிந்தது. அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், குழுவோடு ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்த இளையவர்களுக்கு அவர்கள் எழுதிய நிரலைத் திருத்திக் கருத்துச் சொல்வது அதிகமாகக் கிடைத்தது. சொல்லிக்கொடுத்த மூத்தவர்களின் வேலை அதனால் கொஞ்சம் குறைந்தது. அந்தச் செலவை யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்கையைத் தட்டிக் கேட்டுவிடலாம். வீட்டில் கேட்க வேண்டுமென்றால் செய்தி எழுத வேண்டும், எழுதினால் "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பாரோ என்ற கூச்சம். அரை நாள் ஓடிவிடும். புதியவர்களுக்கு நான் சொல்வது: அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லையென்றால் கேட்டுவிடுங்கள், எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூத்தவர்கள் தினமும் ஒரு மணி நேரம் திரையைப் பகிர்ந்துகொண்டு கூடவே இருங்கள், பேசாமல் அவரவர் வேலையைப் பார்த்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து ஊரில் அதே நிறுவனத்துப் பிள்ளை இருந்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து உட்காருங்கள்.

நாற்காலி விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு வருஷம் ஓட்டியவர்களின் கழுத்தைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

வீடா அலுவலகமா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது

இரண்டையும் கலக்க முடிந்தவர்களுக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். சிட்ரிப்பை நடத்தும் அதே டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து, வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் முறையைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை, வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். தினமும் போய்வருவது உடம்பை உருக்கிவிடும், வாரம் ஒன்றிரண்டு நாள் என்றால் ரயிலில் போய்வரலாம். ஆனால் எந்த நாள் போவது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை, திங்கள் செவ்வாய் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் புது வேலை தொடங்கும் வாரத்திலும், புதிதாக யாராவது குழுவில் சேரும் வாரத்திலும் போவேன். தனியே உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலையை வீட்டு நாளுக்கு வைத்துக்கொள்வேன். வருஷத் தொடக்கத்திலேயே ஊர்க்கோயில் கொடை எப்போது, சர்ச் திருவிழாவுக்குக் கொடியேற்று எப்போது என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுவேன். கூம்பு ஒலிபெருக்கி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும் அந்த நாள்களில் காலை ரயிலைப் பிடித்து அலுவலகம் போய்விட்டு, சாயங்காலம் திருவிழாவுக்கு வந்து சேர்வேன்.