எலுமிச்சைக்கு ஒட்டு கட்டினால் எந்த நோய் அடங்கும், எது அடங்காது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் வீடானாலும் பழைய தோட்டத்து வீடானாலும், வாசலில் ஓர் எலுமிச்சையோ லீமாவ் கஸ்தூரியோ இருக்கும். சில வருஷம் நன்றாகக் காய்த்த மரம், ஒரு பெருமழைக்காலம் கழிந்ததும் அடிப்பட்டையில் பிசின் வடிய ஆரம்பிக்கும். இலை வெளுக்கும், கிளை காயும். "ஒட்டுக்கன்று வையுங்கள், நோயே வராது" என்று அப்போது யாராவது சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் கத்தியை எடுக்கக்கூடாது.

ஒட்டு மரத்தில் இருப்பது இரண்டு செடிகள். ஒட்டுக்குக் கீழே வேரும் அடித்தண்டும் அடிச்செடியின் குணத்தோடே இருக்கும். மேலே இலை, பூ, காய் எல்லாம் நாம் வெட்டிக் கட்டிய கண்ணின் (மொட்டின்) குணம். ஆகவே மண்ணிலிருந்து ஏறும் நோயை அடிச்செடி தடுக்கும். இலையில் விழும் நோயை அதனால் தடுக்க முடியாது. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அமேசான் பகுதியில் ரப்பர் இலைகளை ஒரு கருகல் நோய் அழித்தபோது, பால் நிறையத் தரும் மரத்தின் உச்சியில் நோய் தாங்கும் வேறொரு ரகத்தை ஒட்டினார்கள். நோய் இலையில் இருந்ததால் மாற்ற வேண்டியதும் இலையாகத்தான் இருந்தது.

எலுமிச்சையில் பிசின் வடிய வைப்பது பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமி. ஈரமண்ணில் வாழும் இதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். மழைத்துளி தெறித்தால் மண்ணோடு சேர்ந்து பட்டையில் ஒட்டிக்கொள்ளும். நம் மழைக்கு இதைவிடத் தோதான நோய் இல்லை. ஒரு காம்பில் மூன்று இலை விடும் மூவிலை ஆரஞ்சின் வேர் இதை நன்றாகத் தாங்கும். அதையும் கிரேப்ஃப்ரூட்டையும் 1907இல் ஃபுளோரிடாவில் கலந்து உருவாக்கியதுதான் ஸ்விங்கிள் என்ற அடிச்செடி.

திரிஸ்டேசா என்ற வைரஸின் கதை வேறு. 1930களிலும் 40களிலும் பிரேசில், அர்ஜென்டினாவில் லட்சக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் இதனால் மடிந்தன. கசப்பு ஆரஞ்சு வேரின் மேல் இனிப்பு ஆரஞ்சை ஒட்டியிருந்ததே காரணம். அந்தச் சேர்க்கையில், ஒட்டுக்குக் கீழே உணவு இறங்கும் பட்டைத்திசு செத்து வேர் பட்டினி கிடக்கும். அதே ஆரஞ்சை ரங்கப்பூர் எலுமிச்சை வேரில் ஒட்டியபோது மரம் பிழைத்தது. தனித்தனியே நல்ல செடிகளாக இருந்தால் போதாது, ஜோடியும் பொருந்த வேண்டும். ஆனால் லீமாவ் நிப்பீஸ் என்ற நம் சின்ன எலுமிச்சையை இந்த வைரஸ் நேராகவே தாக்கும். எந்த வேரில் ஒட்டினாலும் அது மாறாது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. அடிச்செடி. நாற்றுப்பண்ணையில் விலையைக் கேட்பதற்கு முன் "அடிச்செடி என்ன ரகம்?" என்று கேளுங்கள். பென்சில் பருமன் வந்த கன்றுதான் வேண்டும். ஈப்போ பக்கச் சுண்ணாம்பு மலையடி மண்ணாக இருந்தால் ஸ்விங்கிள் வேண்டாம். அந்த மண்ணில் இலை மஞ்சளித்துப் போகும்.

2. கண் எடுக்கும் தாய்மரம். என் கணக்கில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம். கிரீனிங் என்ற பாக்டீரியா நோயும் திரிஸ்டேசாவும் ஒட்டுக்கண் வழியாகவே புதுக் கன்றுக்குப் போகும். நடுநரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத்திட்டாக மஞ்சளித்த இலை, கோணலாக வளர்ந்த காய், இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அந்த மரத்தைத் தொடவேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாமலே நோயைச் சுமக்கும் மரமும் உண்டு. அதனால் சோதித்த தாய்மரத்திலிருந்து கண் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பக்கத்து வீட்டு மரம் நன்றாகக் காய்க்கிறது என்பது மட்டும் போதாது.

கண் எடுக்கும் குச்சி உருண்டையாக இருக்கட்டும். இலைகளை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விடுங்கள்.

3. கத்தி. குளோரோக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியை அதில் முக்கி எடுங்கள். நெருப்பில் காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எக்சோகார்டிஸ் என்ற வைராய்டு (வைரஸைவிடச் சிறிய கிருமி) அந்தச் சூட்டுக்கு அசையாது. மூவிலை வகை வேர்களில் பட்டையை உரித்துப்போடுவதும் அதுதான். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள், துருப்பிடிக்காது.

4. வெட்டு. மண்ணிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் மழை தெறிக்கும் இடத்தில் எலுமிச்சைப் பட்டை வந்துவிடும், தாங்கும் வேர் வாங்கியும் பலன் இராது. பட்டையில் தலைகீழான T வடிவில் கீறுங்கள்: சுமார் 3 செ.மீ. நெடுக்கு, அதன் அடியில் 1 செ.மீ. குறுக்கு. நேர் T போட்டால் மழைநீர் உள்ளே இறங்கிக் கண் அழுகும்.

5. கண்ணைச் செருகிக் கட்டுதல். 2 செ.மீ. நீளத்துக்குக் கண்ணைப் பட்டையோடு சீவி, கண் மேல்நோக்கி இருக்கும்படி கீழிருந்து உள்ளே தள்ளுங்கள். பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால், கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்து தண்ணீரை வழியவிடும்.

6. மூன்று வாரம் கழித்து. நாடாவை அவிழ்த்துப் பாருங்கள். கண் பச்சையாக இருந்து, காம்பு தொட்டவுடன் உதிர்ந்தால் பிடித்துவிட்டது. அடிச்செடியை ஒட்டுக்கு மேலே வளைத்துக் கட்டுங்கள். கண்ணின் தளிர் நன்றாக ஓடிய பிறகு, வளைத்த பகுதியை வெட்டலாம்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும், மேடு போட்டு நடுங்கள். அடியில் மூவிலைத் துளிர் வந்தால் அது அடிச்செடியுடையது, உடனே கிள்ளிவிடுங்கள்.

சொறி நோய் இலையில் வருவது, எலுமிச்சைக்கு எந்த வேரும் அதிலிருந்து காப்பு இல்லை. ஈர இலையோடு கிளை வெட்டாதீர்கள். கிரீனிங்கைப் பரப்பும் சைலிட் பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் பெருகும். நம் வீடுகளில் இரண்டும் பக்கத்தில்தானே நிற்கும்? அதனால் தளிர் விடும்போதெல்லாம் கறிவேப்பிலையையும் சேர்த்துப் பாருங்கள். கிரீனிங் உறுதியான மரத்துக்கு மருந்து கிடையாது. முதலில் பூச்சிக்கு மருந்தடித்து, அப்புறம் வேரோடு எடுத்துவிடுங்கள். அதிலிருந்து ஒரு கண்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.