கெடுவைத் தினசரி காலண்டரில் எழுதுங்கள்

ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு 25,000 ரூபாய் சேர்க்க வேண்டுமா? புது வருஷ தினசரி காலண்டரில் மே 25-ம் தேதித் தாளைப் புரட்டி, "25,000 கையில்" என்று பேனாவால் எழுதுங்கள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு 5-ம் தேதித் தாளிலும் அதுவரை சேர்ந்திருக்க வேண்டிய தொகை: 5,000, 10,000, 15,000... மே 5-க்கே கணக்கு முடியும். மிச்சமுள்ள 20 நாள், தவறிய தவணையை ஈடுகட்ட.

இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டிய சீட்டு சில நாளிலேயே கண்ணுக்குப் பழகிச் சுவரோடு சுவராகிவிடும். காலண்டர் தாளோ உரிய நாளில்தான் வெளியே வரும். பிப்ரவரியில் 2,000 குறைந்தால் அன்றே தெரிந்துவிடும், அடுத்த மூன்று மாதத்தில் சமாளிக்கலாம். மே மாதக் கடைசியில் தெரிந்தால் கடன்தான்.

வேலை கிடைப்பது, தேர்வு முடிவு என நம் கையில் இல்லாதவற்றுக்குக் கெடு வைத்துப் பயனில்லை. அங்கே "இன்றைக்குள் 3 இடத்துக்கு விண்ணப்பம்" என்று எழுதுங்கள்.