செவித்திறன் குறைந்தவர்களுக்குக் கேப்ஷன் வசதியுள்ள கைப்பேசி: எதைப் பார்த்து வாங்குவது?

நேரில் பேசும்போது உதட்டசைவையும் முகக்குறிப்பையும் துணையாகக் கொண்டு ஓரளவு சமாளித்துவிடும் ஒருவர், அதே ஆள் கைப்பேசியில் பேசும்போது திணறிப்போவது இயல்பு. முகம் தெரியாமல் போவது ஒரு காரணம். பழைய முறைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கொண்டுவருவது இன்னொரு காரணம். 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகளைப் பிரித்தறிய உதவும் ஒலியாற்றலில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. வயதாலும் நீண்டகால இரைச்சலாலும் வரும் செவித்திறன் குறைவு முதலில் பாதிப்பதும் அதே உயர் அதிர்வெண் பகுதியைத்தான். அதனால்தான் ஒலியளவை எவ்வளவு கூட்டினாலும் "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்ற நிலை மாறுவதில்லை. எதிர்முனையில் பேசுவது உடனுக்குடன் திரையில் எழுத்தாக வரும் கேப்ஷன் வசதி இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பும். ஆனால் கைப்பேசி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேமரா, நினைவகம், விலை என்றே தொடங்கிவிடுகிறார்கள். கேப்ஷனுக்காக வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தமக்கு வரும் அழைப்புகள் எப்படிப்பட்டவை, அவற்றுக்குரிய எழுத்து எங்கிருந்து வரப்போகிறது என்பதைத்தான்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் கடந்த சில வாரங்களின் அழைப்புகளை எழுதிப் பாருங்கள். யார் அழைத்தார், எந்த மொழியில் பேசினார், சிம் வழியாக வந்த சாதாரண அழைப்பா, வாட்ஸ்அப் போன்ற செயலி வழியாக வந்ததா, காணொளி அழைப்பா என்ற விவரங்கள் போதும். மகளுடன் தமிழில் காணொளியில் பேசி, மருத்துவமனையுடனும் வங்கியுடனும் ஆங்கிலத்தில் சாதாரண அழைப்பில் பேசுகிறவரின் தேவையும், எல்லாவற்றையும் தமிழிலேயே சிம் அழைப்பில் பேசுகிறவரின் தேவையும் ஒன்றல்ல. முன்னவருக்கு இன்றைய கைப்பேசிகள் பலவும் உதவும். பின்னவர் வேறு வழியைத் தேட வேண்டியிருக்கும்.

கேப்ஷன் மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதலாவது, கைப்பேசிக்குள்ளேயே அமைந்த வசதி. கூகுளின் லைவ் கேப்ஷன் 2019இல் பிக்சல் 4 கைப்பேசியுடன் வந்தது. அடுத்த ஆண்டு பிக்சல் கைப்பேசிகளில் தொலைபேசி அழைப்புகளுக்கும் அது விரிவானது. ஆப்பிளின் லைவ் கேப்ஷன்ஸ் 2022இல் ஐஓஎஸ் 16 உடன், ஐபோன் 11 முதலான கைப்பேசிகளுக்குச் சோதனை வடிவில், ஆங்கிலத்தில் வந்தது. சாம்சங்கின் சில கேலக்ஸி கைப்பேசிகளில் உள்ள டெக்ஸ்ட் கால், அழைப்பவரின் பேச்சை எழுத்தாகக் காட்டுவதோடு, நாம் தட்டச்சு செய்யும் பதிலைக் கணினிக் குரலில் வாசித்தும் காட்டும். லைவ் கேப்ஷனும் ஆப்பிளின் வசதியும் எழுத்தாக்கத்தைக் கைப்பேசிக்குள்ளேயே செய்துகொள்வதால், பேச்சு வெளியே எந்தச் சேவையகத்துக்கும் போவதில்லை. அந்தரங்கமான பேச்சுகளுக்கு இது பெரிய நன்மை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விளம்பரத்தில் 'லைவ் கேப்ஷன் உண்டு' என்று இருந்தால், அது பாட்டுக்கும் காணொளிக்கும் மட்டும் உள்ளதாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பலவற்றில் நிலைமை அதுதான். அமைப்புகளுக்குள் போய், அழைப்புகளுக்குக் கேப்ஷன் தரும் தேர்வு தனியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள்.

இரண்டாவது, அழைப்பையே தன் வழியாகத் திருப்பி எழுத்தாக்கித் தரும் கேப்ஷன் தொலைபேசிச் சேவை. அமெரிக்காவில் இணையவழிக் கேப்ஷன் சேவைக்கு 2007இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதி தந்தது. செவித்திறன் குறைவு உள்ளவர்கள் பதிவு செய்துகொண்டால் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம், செலவை ஒரு பொது நிதி ஏற்கிறது. தொடக்கத்தில் மனிதர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்லியோ தட்டச்சு செய்தோ எழுத்தாக்கினார்கள். முழுக்க இயந்திரமே செய்யவும் 2018இல் அனுமதி கிடைத்தது. இத்தகைய சேவை உள்ள நாட்டில் நீங்கள் வசித்தால், கைப்பேசியைவிட முதலில் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அதன் செயலி எந்தெந்தக் கைப்பேசிகளில் ஓடும் என்பதே பிறகு உங்கள் பட்டியலாகிவிடும். அது எந்த மொழிகளில் எழுத்தாக்குகிறது, உங்கள் பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்கும் கேப்ஷன் கிடைக்குமா, அல்லது அவர்கள் தரும் புதிய எண்ணுக்கு வந்தால்தான் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய எண்ணையே அறிந்த உறவினர்கள் இருபது பேர் இருக்கும்போது, புதிய எண்ணுக்கு மட்டும் எழுத்து வருவது பாதிப் பயனே.

மூன்றாவது வழி எளியது, பலருக்குத் தோன்றாதது: அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டு, பக்கத்தில் இன்னொரு கைப்பேசியையோ டேப்லெட்டையோ வைத்து, அதில் பேச்சை எழுத்தாக்கும் செயலியை ஓட விடுவது. கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019 பிப்ரவரியில் 70க்கும் மேற்பட்ட மொழிகளுடன் அறிமுகமானது. தமிழும் அவற்றில் உண்டு. பேசுவது தமிழாக இருந்தால், என் கருத்தில் முதலில் முயன்று பார்க்க வேண்டிய வழி இதுதான், ஏனெனில் வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசியே போதும். புதிதாக எதுவும் வாங்காமலே இதன் பயனை அறிந்துவிடலாம். அமைதியான அறை வேண்டும், பெரும்பாலும் இணைய இணைப்பும் வேண்டும், பேச்சு அறையிலுள்ள மற்றவர்களுக்கும் கேட்கும் என்பன இதன் குறைகள்.

ஒரே கைப்பேசியில் இதைச் செய்ய முடியாதா என்று பலரும் கேட்கிறார்கள். சாதாரண அழைப்பு நடக்கும்போது எதிர்முனையின் ஒலியைப் பிற செயலிகள் எடுத்துக்கொள்வதை ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் தடுத்து வைத்திருக்கின்றன. ஒட்டுக்கேட்பதைத் தவிர்க்கவே அந்தத் தடை. ஆகவே செயலி அங்காடியில் 'எல்லா அழைப்புகளுக்கும் கேப்ஷன்' என்று சொல்லும் செயலி ஏதாவது கண்ணில் பட்டால், அது அழைப்பைத் தன் சேவை வழியாகத் திருப்புகிறதா என்று பாருங்கள். அப்படித் திருப்பாத செயலி சொன்னபடி வேலை செய்ய வாய்ப்பு மிகக் குறைவு. பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மொழியைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் 'தமிழ் ஆதரவு' என்று இருப்பது, பட்டியல்களும் விசைப்பலகையும் தமிழில் இருப்பதைக் குறிக்கலாம். குரல் தட்டச்சு தமிழை ஏற்பதைக் குறிக்கலாம். அழைப்புக் கேப்ஷன் தமிழில் வருவதை அது உறுதி செய்யாது. இவை மூன்றும் தனித்தனி வசதிகள். அழைப்புக் கேப்ஷனுக்கான மொழிப் பட்டியலைத் திறந்து, அதில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் புதுப்பிப்புகளில் இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய விமரிசனங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தமிழ் இருந்தாலும், நாம் பேசுகிற தமிழ் எழுத்துத் தமிழ் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். "வந்துட்டு இருக்கேன், ஸ்கேன் முடிஞ்சதும் கால் பண்றேன்" என்ற வாக்கியத்தில் பேச்சு வழக்கும் ஆங்கிலமும் கலந்திருக்கின்றன; எந்த எழுத்தாக்கியும் இடறக்கூடிய இடம் அதுதான்.

அடுத்தது, படித்துக்கொண்டே கேட்பது எப்படி என்ற கேள்வி. கேப்ஷனைப் படிக்கக் கைப்பேசி கண்முன் இருக்க வேண்டும். அப்போது அதைக் காதில் வைக்க முடியாது. மிச்சமிருக்கும் செவித்திறனை இழக்காமல் எழுத்தையும் பயன்படுத்த வேண்டுமானால், ஒலி வேறு வழியில் காதுக்கு வர வேண்டும். செவித்துணைக் கருவி அணிபவர்களுக்கு இதுவே கைப்பேசித் தேர்வின் இரண்டாவது பெரிய சல்லடை. ஐபோனுக்கென வடிவமைத்த கருவிகள் ஐபோனுடன் நேரடியாக இணையும். ஆண்ட்ராய்டில் இதே நேரடி இணைப்புக்கு, 2019இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் ஆஷா என்ற முறையும், பதின்மூன்றாம் பதிப்பு முதல் புளூடூத் எல்இ ஆடியோ என்ற புதிய முறையும் உண்டு. ஆனால் கைப்பேசி, கருவி ஆகிய இரண்டிலும் ஒரே முறை இருந்தால்தான் பயன். உங்கள் கருவியின் மாதிரிப் பெயரை எழுதிக்கொண்டு, கருவி நிறுவனம் வெளியிட்டுள்ள பொருந்தும் கைப்பேசிகளின் பட்டியலைப் பாருங்கள், அல்லது உங்கள் செவித்திறன் வல்லுநரைக் கேளுங்கள். ஆஷா முறையில் ஒலி கைப்பேசியிலிருந்து கருவிக்கு மட்டுமே போகும், நம் குரலைக் கைப்பேசியின் மைக்கே வாங்கும். ஆகவே கைப்பேசியை வெகுதூரத்தில் வைத்துவிட்டுப் பேச முடியாது. கருவியில் டெலிகாயில் (காந்தப்புலம் வழியாக ஒலியை வாங்கும் சிறு கம்பிச்சுருள்) இருந்தால், அதற்கு ஒலியை அனுப்பும், கழுத்தில் மாட்டும் வளையமும் நல்ல வழியே. அதைச் செருகக் கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கருவி அணியாதவர்களுக்கு இரண்டு காதிலும் மாட்டும் ஹெட்செட்டோ, தெளிவான ஒலிபெருக்கியோ போதும். இணைப்பு எதுவாக இருந்தாலும், அது இணைந்திருக்கும்போதும் கேப்ஷன் வருகிறதா என்பதைச் சோதித்தே ஆக வேண்டும்.

எழுத்தாக்கும் மென்பொருளும் நம்மைப் போலவே இணைப்பில் வரும் ஒலியைத்தான் கேட்கிறது என்பதால், இணைப்பின் தரம் கேப்ஷனின் தரத்தையும் தீர்மானிக்கிறது. எச்டி வாய்ஸ் எனப்படும் அகல அலைவரிசை அழைப்பு 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவருகிறது. அதற்குக் கைப்பேசியில் வோல்ட்இ, அதாவது 4ஜி வலையமைப்பு வழியாகவே பேசும் வசதி, இயங்க வேண்டும், உங்கள் வலையமைப்பு அந்தக் கைப்பேசி மாதிரிக்கு அதை அனுமதித்திருக்க வேண்டும், எதிர்முனையிலும் இதே வசதி இருக்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து வாங்கிவரும் கைப்பேசிகளில் வோல்ட்இ சில சமயம் இயங்குவதில்லை. உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவந்த விலையுயர்ந்த கைப்பேசியைவிட உள்ளூர் வலையமைப்பு ஏற்கும் நடுத்தரக் கைப்பேசி தெளிவாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

ஆர்டிடி எனப்படும் உடனடி எழுத்து அழைப்பு கேப்ஷனிலிருந்து வேறானது. அதில் இருவரும் தட்டச்சு செய்ய, ஒவ்வோர் எழுத்தும் அடிக்க அடிக்க எதிர்முனையில் தோன்றும். வலையமைப்பும் இரு கைப்பேசிகளும் ஏற்றால் மட்டுமே இயங்கும்; கேட்பது அறவே இயலாதவர்கள் இதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

திரை, பேட்டரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் மூன்று நான்கு வரிகள் ஒருசேரத் தெரியும் அகலமும், வெயிலில் படிக்கக்கூடிய வெளிச்சமும் வேண்டும். அழைப்பு முழுவதும் திரை எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரி விரைவில் தீரும். அழைப்பு வருவதை உணர்த்த வலுவான அதிர்வும், விளக்கு மின்னும் வசதியும் இருக்கட்டும். புதிய கேப்ஷன் மொழிகள் மென்பொருள் புதுப்பிப்பில்தான் வருகின்றன என்பதால், இன்னும் சில ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்ட கைப்பேசியையே வாங்குங்கள்.

சோதனைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் இடத்தில் வாங்கி, உங்கள் சிம்மையே போட்டு, வழக்கமாக உங்களுடன் பேசும் ஒருவரை வேறோர் இடத்திலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். அவர் உங்களுக்காக நிறுத்தி நிதானமாகப் பேசக் கூடாது. எப்போதும் போலவே பேச வேண்டும். "செவ்வாய்க்கிழமை காலைல பத்தரைக்கு வந்துடுங்க, பழைய ரிப்போர்ட்ட மறக்காம எடுத்துட்டு வாங்க" என்பது போன்ற ஒரு செய்தியை அவர் சொன்னதும், எழுத்து எத்தனை விநாடி கழித்து வருகிறது, கிழமையும் நேரமும் சரியாக வந்தனவா என்று பாருங்கள். பிறகு ஒரு தொலைபேசி எண்ணையும், அறுபது எழுபது என ஒலியில் நெருங்கிய எண்களையும், இருவருக்கும் தெரிந்த நான்கைந்து ஆட்களின் பெயர்களையும் சொல்லச் சொல்லுங்கள். பெயர்கள் சிதைவது எல்லாக் கருவியிலும் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எண்கள் அடிக்கடி தவறினால் அந்தக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுங்கள். இதே பேச்சைத் தெருவிலிருந்தும், ஓடும் வண்டியிலிருந்தும், வாட்ஸ்அப் வழியாகவும் ஒருமுறை செய்து பாருங்கள். ஓடி மறைந்த வரியை மேலே தள்ளிப் படிக்க முடிகிறதா, அழைப்பு முடிந்த பிறகு எழுத்து சேமிக்கப்படுகிறதா என்பதையும் கவனியுங்கள். கூகுளின் லைவ் கேப்ஷன் எழுத்தைச் சேமிப்பதில்லை. கேப்ஷன் சேவைகள் சில சேமிக்கின்றன. மருத்துவர் சொன்னதை மீண்டும் படித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

வாங்கிய பிறகு, கேப்ஷனை ஒரே தொடுதலில் இயக்கும் குறுக்குவழியை அமையுங்கள். மணி அடிக்கும்போது அமைப்புகளுக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது. அழைப்பின் தொடக்கத்திலேயே "நீங்கள் சொல்வதை எழுத்தில் படித்துப் பதில் சொல்கிறேன், சில விநாடி தாமதமாகும்" என்று சொல்லிவிடுங்கள். மௌனத்தைக் கண்டு எதிர்முனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டிப்பது இதனால் பெரிதும் குறையும். மருந்தின் அளவு, கணக்கு எண், முகவரி ஆகியவற்றைக் கேப்ஷனை மட்டும் நம்பி ஏற்காமல், திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள் அல்லது குறுஞ்செய்தியில் அனுப்பக் கேளுங்கள். அவசர உதவி எண்ணைக் குறுஞ்செய்தியிலோ செயலியிலோ தொடர்புகொள்ளும் வசதி உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து, முன்பதிவு தேவையென்றால் அதைச் செய்து, அந்த எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.