சாகசப் பயண நகைச்சுவை எழுதுவது எப்படி? ‘தி கோல்ட் ரஷ்’ வழியாக ஒரு செய்முறை

பத்து நிமிடக் குறும்படம் எழுத வேண்டும். அதில் ஆபத்தான ஒரு பயணம் இருக்க வேண்டும், பார்ப்பவர் சிரிக்கவும் வேண்டும். இதற்குப் பாடப்புத்தகமாக ஒரே ஒரு படம் போதும்: சார்லி சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ (1925). தங்கம் தேடிப் பனிமலைக்குப் போகும் ஒரு நாடோடியின் கதை அது. 1942-இல் சாப்ளினே அதைச் சுருக்கி, இசையும் தன் குரலில் வர்ணனையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார். நீங்கள் பழைய மௌன வடிவத்தையே பாருங்கள். வர்ணனை வரும்போது கண்ணுக்கு வேலை குறைந்துவிடுகிறது.

படி 1: முதல் பக்கத்தில் ஜோக்கே வேண்டாம்

ஆரம்பத்தில் எழுதுகிறவர்கள் ஆபத்தையே கேலியாக்கிவிடுகிறார்கள். புலி பொம்மைப் புலியாக இருக்கும், பாம்பு ரப்பர் பாம்பாக இருக்கும். பயம் போனால் சிரிப்பும் போய்விடும்.

சாப்ளின் எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பாருங்கள். 1896-இல் கனடாவின் யூகான் பகுதியில், க்ளோண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் கிடைத்தது. அடுத்த சில வருடங்களில் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். ஒரு வருடத்துக்கான சாப்பாடு கையில் இல்லாதவரைக் கனடா போலீஸ் எல்லையிலேயே திருப்பி அனுப்பியது. சாமான்களோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு டன் எடை! வழியில் இருக்கும் சில்கூட் கணவாயின் பனிச் சரிவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து, ஏறி இறங்கி, திரும்ப ஏற வேண்டும். படத்தின் முதல் காட்சியில் எறும்பு வரிசை போல மனிதர்கள் ஏறுவது இந்தக் கணவாயில்தான். கலிஃபோர்னியாவில் ட்ரக்கி என்ற ஊருக்குப் பக்கத்து மலையில், நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து அதை எடுத்தார்கள். அங்கே ஒரு சிரிப்புகூடக் கிடையாது.

இன்னொரு விதையும் உண்டு. 1846-47 குளிர்காலத்தில் அதே மலைத்தொடரில் பனியில் சிக்கிய டோனர் குழுவினர் (மேற்கே குடியேறக் கிளம்பியவர்கள்), தோலை வேகவைத்துத் தின்றார்கள். பிறகு சிலர் இறந்தவர்களின் உடலையும் தின்றார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் சாப்ளின் நகைச்சுவைப் படம் எடுத்தார்.

சரி, நம் பயிற்சிக்கு ஒரு கதை. மாமனாரும் மருமகனும் காட்டில் வழி தவறுகிறார்கள். ஃபோனில் சிக்னல் இல்லை. ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். இதை ஒரு பக்கம், முழு சோகமாக எழுதுங்கள்.

படி 2: போகக் கூடாத ஆளை அனுப்புங்கள்

சாப்ளினின் நாடோடி பனிமலைக்கும் அதே வட்டத் தொப்பி, கைத்தடியோடுதான் வருகிறான். நம் மாமனார் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் என்று வைத்துக்கொள்வோம். எதற்கும் கணக்கு எழுதுவார், கையெழுத்து வாங்குவார். இந்த ஒரு பழக்கம் போதும், நான்கைந்து விசித்திரங்களை ஏற்றாதீர்கள்.

படி 3: இடத்தைச் சுருக்குங்கள்

பயணப் படம் என்றால் ஊர் ஊராகக் காட்ட வேண்டியதில்லை. ‘தி கோல்ட் ரஷ்’ஷில் மறக்க முடியாத காட்சிகள் பலவும் ஒரு மரக் குடிசைக்குள் நடப்பவை. நம்மூரில் 1966-இல் வந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’க்கு ஒரு பஸ் போதுமானதாக இருந்தது. நமக்கு ஒரு மரத்தடி.

படி 4: ஆபத்து யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு காட்சியின் மேலேயும் இந்தக் கேள்வியை எழுதி வையுங்கள். பனி விளிம்பில் நாடோடி நடந்து போகிறான், பின்னாலேயே ஒரு கரடி வருகிறது. அவன் பார்க்கவே இல்லை. கரடி ஒரு குகைக்குள் போன பிறகுதான் திரும்புகிறான், யாரும் இல்லை. தெரிந்தது நமக்கு மட்டும்.

பின்னால் வரும் குடிசைக் காட்சியில் இதே வித்தை பெரிதாகிறது. இரவுப் புயல் குடிசையை மலை விளிம்புக்குத் தள்ளிவிடுகிறது. தரை ஆடுவதை உள்ளே இருப்பவர்களும் உணர்கிறார்கள், காரணம்தான் புரியவில்லை. ஒருவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் வீடு சாய்கிறது, மற்றவர் அந்தப் பக்கம் போனால் நிமிர்கிறது. கதவைத் திறந்தபின்தான் பள்ளம் தெரிகிறது. அதற்கப்புறம் இருமக்கூடப் பயம்.

படி 5: ஆபத்து நேரத்தில் மரியாதை

பாடத்தின் நடுப்பகுதி இதுதான், அவசரப்படாதீர்கள். பசி தாங்காமல் நாடோடி தன் பூட்ஸை வேகவைக்கிறான். “பசியில் செருப்பைத் தின்றான்” என்பது வெறும் தகவல், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பக்குவம் பார்த்துப் பரிமாறுகிறானே, அங்கேதான் சிரிப்பு. வெந்த தண்ணீரைக் குழம்பு போல மேலே ஊற்றுகிறான். ஆணிகளை எலும்பு போல உறிஞ்சுகிறான். கயிற்றை நூடுல்ஸ் மாதிரிச் சுற்றிச் சாப்பிடுகிறான். எதிரே, அதே குடிசையில் மாட்டிக்கொண்ட பிக் ஜிம்மாக நடித்த மாக் ஸ்வைன் மென்று முழுங்கும் முகத்தைப் பாருங்கள், பரிதாபம். (பூட்ஸ் அதிமதுர மிட்டாயில் செய்தது. பல தடவை எடுத்ததில் வயிற்றைக் கலக்கிவிட்டது என்று சொல்வார்கள்.)

இப்போது நம் கதை:

மாமனார்: “ரெண்டு மடக்கு குடிச்சிருக்கீங்க மாப்ள. இங்க ஒரு கையெழுத்து.”
மருமகன்: “மாமா, நாக்கு வறண்டு போச்சு…”
மாமனார்: “அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரம் போடுங்க.”

மாமனாரைத் திட்ட முடியாது, பாட்டிலைப் பிடுங்கவும் முடியாது. தாகம் ஏற ஏற மருமகனின் பணிவும் ஏறட்டும். கடைசிச் சொட்டு தீர்ந்ததும் மாமனார் நோட்டை மூடி, “கணக்கு டேலி” என்று நிம்மதியாகச் சொல்லட்டும். அவரை நகைச்சுவை நடிகர் மாதிரிப் பேசவிடாதீர்கள். அவர் வங்கியில் இருக்கிறார், அவ்வளவுதான்.

படி 6: தின்ற பூட்ஸ் திரும்பி வராது

பூட்ஸைத் தின்றவன் அப்புறம் அந்தக் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அலைகிறான், நடன அரங்கிலும் அதே கால்தான். பழைய காட்சியில் செலவானது அடுத்த காட்சியில் குறைய வேண்டும். நம் கதையில் இருட்டிவிட்டது, தீ மூட்டக் காகிதம் வேண்டும். இருக்கும் ஒரே காகிதம் அந்தக் கணக்கு நோட்டு. “ஆடிட் வந்தா நான் என்ன பதில் சொல்றது?” இந்தக் காட்சியை நீங்களே எழுதுங்கள்.

படி 7: படம்பிடிக்கும்போது

நிஜக் காட்டுக்குள் யூனிட்டைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சாப்ளினும் மலைக் காட்சிகளுக்குப் பிறகு பெரும்பகுதியை ஹாலிவுட் ஸ்டுடியோவில்தான் எடுத்தார். பனிக்கு உப்பும் மாவும், விளிம்பில் தொங்கும் குடிசைக்குச் சிறிய மாதிரி வீடு. உங்களுக்குத் தோப்பில் நான்கு மரம் போதும். வெளிச்சம் போவதற்குள் மற்றதையெல்லாம் முடித்துவிட்டு, இருட்டில் வரும் தீ மூட்டும் காட்சியை மட்டும் கடைசிக்கு வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை. வசனங்களை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தை ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். யாருக்குத் தாகம், யாருக்கு நோட்டு முக்கியம் என்று அவர் சொல்லிவிட்டால் தேதி குறிக்கலாம். சொல்லத் தெரியவில்லை என்றால் படி 4-க்குத் திரும்புங்கள்.